முதல் ஆளின் வேலை

மூன்று பேர் அணியாக இறங்கும் சண்டை விளையாட்டில் எல்லாருக்கும் கடைசி ஆளைத்தான் பிடிக்கும். இரண்டு பேர் விழுந்தபின் ஒற்றையாக நின்று எதிரணியின் மூவரையும் சாய்க்கிறவனுக்குத்தான் கைதட்டல். அதனால் புதிதாக ஆட வருகிறவர்கள் தங்களுக்கு நன்றாகக் கைவந்த வீரரைக் கடைசி இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, முதல் இடத்தில் பேருக்கு ஒருவரை நிறுத்துகிறார்கள். பாகூரிலும் வில்லியனூரிலும் நான் கூட உட்கார்ந்து பார்த்த பையன்களில் பெரும்பாலோர் இப்படித்தான் ஆடித் தோற்றார்கள். இந்த அத்தியாயம் முழுக்க முதல் ஆளைப் பற்றியது. அவரைச் சரியாக ஆடக் கற்றுக்கொண்டால் மற்ற இருவரின் ஆட்டமும் தானாகப் பாதி சரியாகிவிடும்.

பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98’. ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 1994-ல் இந்த வரிசையைத் தொடங்கியது. அதில் அணிக்கு மூன்று வீரர்களாக எட்டு அணிகள், மொத்தம் 24 பேர். அடுத்த ஆண்டே யாரை வேண்டுமானாலும் சேர்த்து அணி அமைக்கலாம் என்றாயிற்று. 98-ல் 38 பேர். பின்னால் வந்த ‘அல்டிமேட் மேட்ச்’ பதிப்பில் 64 பேர். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றும் விளையாட்டுகளும் உண்டு. 2000-ல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2018-ல் வந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸ் போன்றவை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் திரையில் பாய்வதால், நாம் ஏன் அடி வாங்கினோம் என்பது புதிதாக ஆடுகிறவருக்குப் பிடிபடவே பிடிபடாது. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் ஒருவர் விழுந்த பிறகுதான் அடுத்தவர். தப்பு எங்கே நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பிலும் இது ஓடும். இரண்டு யு.எஸ்.பி. கன்ட்ரோலர் இருந்தால் வீட்டுத் திண்ணையே போதும்.

இதன் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். மூவருக்கு மூவர் என்பதால் ஓர் ஆட்டம் குறைந்தது மூன்று சுற்று, அதிகமாகப் போனால் ஐந்து சுற்று. ஜெயித்தவர் மிச்சமிருக்கும் உயிரோடு, கொஞ்சம் திரும்பக் கிடைத்ததையும் சேர்த்துக்கொண்டு, எதிரணியின் அடுத்த ஆளைச் சந்திப்பார். திரைக்குக் கீழே ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வரும். அது நிறைந்தால் ஒரு பவர். ‘அட்வான்ஸ்டு’ முறையில் முதல் ஆள் மூன்று பவர் வரை சேர்த்து வைக்கலாம். இரண்டாம் ஆள் நான்கு, மூன்றாம் ஆள் ஐந்து. ஒருவர் விழுந்தால் அவர் சேர்த்த பவர் அவரோடு அழிவதில்லை, அடுத்து இறங்குகிறவருக்குப் போய்ச் சேர்கிறது. (‘எக்ஸ்ட்ரா’ முறையின் கணக்கு வேறு. முதல் மூன்று மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

பவர் அடுத்தவருக்குப் போகும் அந்த விதி எனக்கு உறைத்த இடம் சிறுவயதில் பழகிய ஒரு வீடியோ கேம் கடை. தகரக் கூரை, இரண்டே மெஷின். ஒன்றில் எப்போதும் ‘முஸ்தபா’. கேப்காமின் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்பதுதான் அதன் நிஜப் பெயர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மற்றதில் 98. ஆட வரிசையில் நிற்பவர்கள் ஒரு ரூபாய்க் காசைக் கண்ணாடி ஓரத்தில் வைத்து இடம் பிடிப்பார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்த அண்ணன் ஒருவர் தினமும் வருவார். என் முதல் ஆள் கியோ. பவர் ஒன்று சேர்ந்ததும் அதைச் செலவழித்து ‘சூப்பர்’ என்னும் பெரிய அடியை அடிப்பேன். அவர் தடுத்துவிட்டு அடிப்பார். இன்னொன்று சேரும், இன்னொரு சூப்பர், மறுபடி அடி. ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“தோத்தது தப்பில்லடா தம்பி. அடுத்தவனுக்கு ஒரு பவர்கூட வெக்காம போயிட்ட பாரு, அதான் தப்பு.”

அதுவரை நான் மூன்று தனித்தனிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரே சண்டையை மூன்று பேரை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக முதல் ஆளுக்கு இரண்டு வேலை. எதிரியின் உயிரைக் குறைப்பது, தன் பின்னால் வருகிறவருக்குப் பவர் சேர்ப்பது. ஜெயித்தால் மிக நல்லது. தோற்றாலும் எதிரியின் உயிர் பாதிக்குக் கீழே, நம் பக்கம் இரண்டு பவர் என்று விட்டுப் போனால் அந்தச் சுற்று நஷ்டமில்லை. எதிரியின் உயிர் முழுசாக, நம் பக்கம் பவர் ஒன்றுமில்லாமல் விழுந்தால், உங்கள் இரண்டாம் ஆள் கடன்காரராகத்தான் உள்ளே வருகிறார்.

பவர் எப்படிச் சேரும்? எதிரியை அடித்தால் சேரும். ஸ்பெஷல் அடியைக் காற்றில் வீசினாலும் கொஞ்சம் சேரும். அதனால்தான் தூரத்தில் நின்று பந்து விடும் அதீனா முதல் இடத்துக்கு நல்ல ஆள். ‘சைக்கோ பால்’ ஒவ்வொன்றும் எதிரியை யோசிக்க வைக்கும், கோட்டையும் நிரப்பும். எதிரி தாண்டி வரத் தாவினால் அங்கே ஓர் அடி. முதல் ஆளாக ஆடும்போது சூப்பரை மறந்துவிடுங்கள் என்றே பயிற்சியில் சொல்கிறேன். ஒரே ஒரு விலக்கு உண்டு. மூன்று பவரும் நிறைந்துவிட்டால் நான்காவது சேராது, வழிந்து வீணாகும். அப்போது ஒன்றைச் செலவழிக்கலாம். அதையும் சூப்பருக்குச் செலவழிப்பதைவிட, மூலையில் மாட்டிக்கொண்டு தடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வலுத்த குத்தையும் வலுத்த உதையையும் சேர்த்து அழுத்தி எதிரியைத் தள்ளிவிடச் செலவழியுங்கள். தடுத்துக்கொண்டே திருப்பி அடிக்கும் இந்த வழிக்கு ஒரு பவர் விலை. மூலையிலிருந்து வெளியே வருவதற்கு அது கொடுக்கத் தக்க விலைதான்.

கடைசி இடத்துக்கு, பவர் கையில் நிறைய இருந்தால் பயங்கரமாகிறவரை வையுங்கள். என் தேர்வு கிளார்க். அவருடைய சூப்பர் பிடித்துத் தூக்கிப் போடுவது, தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் விடாது. நாலைந்து பவரோடு கிளார்க் உள்ளே வந்தால் எதிரி பக்கத்தில் நிற்கவே தயங்குவார். அதே கிளார்க் பவர் இல்லாமல் முதலில் இறங்கினால் பாதி ஆள். நடுவில் டெர்ரி போல எல்லாம் ஓரளவு தெரிந்த ஒருவர் போதும். இந்த மூவர்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் யார் சேர்க்கிறவர், யார் செலவழிக்கிறவர் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

காலடி

சிலம்பம் கற்கப் போனவர்களுக்குத் தெரியும், வாத்தியார் முதலில் வீச்சு சொல்லித் தரமாட்டார். காலடிதான். கம்பு சுற்றத் தெரிந்து, எங்கே நிற்பதென்று தெரியாதவன் அடி வாங்குவான். இந்த விளையாட்டிலும் அப்படியே. யூடியூபில் பார்த்த பதினைந்து அடிக் காம்போவை இரவெல்லாம் பழகிவிட்டு வருகிற பையனை, சின்னத் தாவல் மட்டும் தெரிந்த இன்னொருவன் அடித்துப்போடுவதை நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் தாவல் நான்கு வகை. முழுத்தாவல், நீண்ட தாவல், இவை இரண்டுக்கும் தாழ்வான வடிவம் ஒவ்வொன்று. தாழ்வான தாவலைத்தான் ‘ஹாப்’ என்கிறார்கள். மேல் பொத்தானைத் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்தால் முழுத்தாவலாகிவிடும். கட்டைவிரல் நுனி சூடான தோசைக்கல்லைத் தொட்டு எடுப்பதுபோல் என்று நான் பையன்களுக்குச் சொல்வேன். அரை மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் இதை மட்டும் பழகுங்கள். பத்துக்குப் பத்து முறை சின்னத் தாவலாகவே வரும்வரை விடாதீர்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? விளையாட்டு நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து விரல் அசைய நமக்குச் சுமார் கால் நொடி ஆகும். அதற்குள் 15 படங்கள் போய்விடும். முழுத்தாவலைப் பார்த்துப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது. சின்னத் தாவல் தாழ்வாக, சீக்கிரமாக வந்து இறங்குவதால் பார்த்த பின் யோசிக்க நேரமில்லை. ‘இந்தத் தூரத்தில் நின்றால் தாவுவான்’ என்று முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். தாவி வரும் அடியை நின்றபடிதான் தடுக்க முடியும், காலுக்கு வரும் உதையைக் குனிந்தபடிதான் தடுக்க முடியும். பழகாதவர் இரண்டுக்கும் நடுவே குழம்பி இரண்டையும் வாங்குவார்.

பயிற்சிக்கு எதிராளியாகக் கணினி வேண்டாம், கூட்டாளி வேண்டும். அவர் தொடர்ந்து இருபது முறை சின்னத் தாவலில் உதைக்கட்டும். நீங்கள் நின்றபடி ஒரே ஓர் அடியால் அதை வெட்ட முயலுங்கள். முதலில் லைட் கிக், வரவில்லையென்றால் வலுத்த குத்து. உங்கள் வீரருக்கு எது வேலை செய்கிறதென்று அரை மணியில் தெரிந்துவிடும். பிறகு அவர் தாவலுக்கும் காலுதைக்கும் இடையே மாற்றி மாற்றி வரட்டும். அதன்பின் உருளல். லைட் பஞ்சையும் லைட் கிக்கையும் சேர்த்து அழுத்தினால் வீரர் உருண்டு போவார், அந்த நேரம் அடி படாது. ஆனால் உருளுகிறவரைப் பிடித்துத் தூக்கிப் போடலாம். பயந்ததும் உருளுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. உங்கள் கூட்டாளியும் அப்படி உருண்டால் அவர் பக்கத்திலேயே நின்று பிடியுங்கள். இரண்டு நாளில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவார், அது அவருக்கும் நல்லது.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வடம் பிடிக்க எத்தனையோ பேர். துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். அது பிரெஞ்சுக்காரர் காலத்து கவர்னர்களிடமிருந்து வரும் வழக்கம். ஆனால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனியுங்கள். தேர் எங்கே வேகம் குறைய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. முதல் ஆள் முட்டுக்கட்டைக்காரர். எதிரி ஓட நினைக்கும் இடத்தில் நிறுத்தி, நிற்க நினைக்கும் இடத்தில் நகர்த்துகிறவர். அறுபது நொடிச் சுற்றில் முதல் பத்து நொடி ஓர் அடிகூட விழாமல் போனாலும் பரவாயில்லை. எதிரி எந்தத் தூரத்தில் தாவுகிறான், தடுத்தபின் என்ன செய்கிறான், எழும்போது உருளுகிறானா என்று பார்த்து வையுங்கள். ஆளுக்கொரு வீரராக ஆடும்போது அதை அடுத்து இறங்கும் கூட்டாளிக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு வீரர்

கிராமத்தில் இருப்பதை ஒரு குறையாக நினைக்கும் பையன்களிடம் நான் சொல்வது லாகூர் கதை. அர்சலான் ஆஷ் என்ற பெயரில் ஆடும் அர்சலான் சித்திக், அங்கே ஆர்கேட் கடைகளில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடி வளர்ந்து டெக்கன் என்ற இன்னொரு சண்டை விளையாட்டுக்கு வந்தவர். 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ‘ஈவோ ஜப்பான்’ சண்டை விளையாட்டுப் போட்டியில் டெக்கன் 7 பட்டம் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் வென்றார். அதுவரை டெக்கன் என்றால் கொரியா என்றிருந்தது. தன்னைப் போன்றவர்கள் ஊரில் இன்னும் பலர் உண்டு என்று அவர் சொன்னதை உலகம் முதலில் நம்பவில்லை. ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் அந்த ஆண்டே பாகிஸ்தானுக்கு நேரில் போய் ஆடிப் பார்த்தார். வெளியுலகத்துக்குப் பேர் தெரியாதவர்களிடம் அவரும் தோற்றார். அந்தப் பையன்களிடம் இருந்தது ஒரு கடை, ஒரு ஜமா, தினமும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசும் பழக்கம்.

அந்த ஜமாவை பாகூரிலும் கட்டலாம். மூன்று பேர் போதும். மூவரும் தனித்தனியாக அணி ஆடுவதற்கு முன், ஒரு மாதம் ஆளுக்கொரு வீரராக ஆடுங்கள். ஒருவர் அதீனா, ஒருவர் டெர்ரி, ஒருவர் கிளார்க். தன் வீரர் விழுந்தால் கன்ட்ரோலரை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எதிரில் கணினியோ, பக்கத்து ஊர்க்காரரோ, யாராக இருந்தாலும் சரி. கையில் கன்ட்ரோலரைக் கொடுக்கும்போது, கூடவே எத்தனை பவர் கொடுக்கிறோம் என்பது முகத்துக்கு நேரே தெரியும். சேலியமேட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் வெறும் கோட்டோடு கன்ட்ரோலரைக் கொடுத்தபோது, வாங்கியவன் திட்டவில்லை, ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்தான். மறுநாளிலிருந்து முதல் ஆள் வீணாகச் சூப்பர் அடிக்கவில்லை. நான் ஒரு மாதம் சொல்லி ஏறாதது அந்த ஒரு பார்வையில் ஏறியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி ஆளாகவே இருந்தவர் முதலில் இறங்கிப் பார்த்தால்தான் தனக்கு இதுவரை யார் பவர் சேர்த்துக் கொடுத்தார் என்பது தெரியும்.

இணையத்தில் ஆடுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் லேக் அடிக்கும். சின்னத் தாவல் தாமதமாகத் தெரிந்தால் நீங்கள் கற்றதெல்லாம் தப்பாகிவிடும். ‘ரோல்பேக்’ உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். எதிரி என்ன அழுத்துவார் என்று முன்கூட்டி ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிட்டு, ஊகம் தப்பினால் சில படங்கள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் முறை அது. டோனி கேனன் என்ற அமெரிக்கர் இதற்காக எழுதிய ஜி.ஜி.பி.ஓ. என்ற நிரலை 2019-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 98 அல்டிமேட் மேட்ச் பதிப்பிலும் பின்னர் ரோல்பேக் சேர்த்தார்கள். மழை மாதத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் இரவுகளில் திண்ணை ஆட்டமே உத்தமம்.

வீட்டில் கேட்பார்கள், இதெல்லாம் எதற்கு என்று. நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டி. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுக்கான பட்டியலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரே போட்டியாக வைத்தார்கள். 2022 டிசம்பரில் இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் இதைச் சொல்லிப் படிப்பை விடாதீர்கள். இது மாலையில் கபடி ஆடப் போவதுபோன்ற விஷயம். ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டுக்கு எழுந்துவிட வேண்டும்.

காசு வைத்து ஆடக் கூப்பிட்டால் போகாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது, இ-ஸ்போர்ட்ஸை வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. திண்ணையில் ஆளுக்குப் பத்து ரூபாய் என்பதும் வேண்டாம். காசு வந்தால் முதல் ஆளாக இறங்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். புது வீரரைப் பழகிப் பார்க்கும் துணிவும் போய்விடும்.

கடைசியாக, நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று பத்தி போடுங்கள். விழுந்தது யார், விட்டுப்போன பவர் எத்தனை, கடைசியாக வாங்கிய அடி எது. ஜெயித்த ஆட்டத்தை எழுத வேண்டாம், தோற்ற ஆட்டத்தை மட்டும். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கோபம் ஆறும் முன் எழுத வேண்டும். ஆறிய பிறகு எழுதினால் ‘லேக்’ என்று எழுதிவிடுவீர்கள். பத்து நாள் கழித்து மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அடுத்த வாரப் பயிற்சி அதுதான். பாகூர் ஜமாவின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

அதீனா – 0 – சின்னத் தாவல் உதை.
அதீனா – 0 – சின்னத் தாவல் உதை.
அதீனா – 1 – உருண்டேன், பிடித்தான்.
அதீனா – 1 – சின்னத் தாவல் உதை.
அதீனா – 2 – மூலையில் குனிந்தே இருந்தேன்.
அதீனா – 3 – நேரம் முடிந்து தோற்றேன். அடுத்து டெர்ரி ஜெயித்தான்.